சேவ் பண்ணாத வல்லிநாயகம்

மனிதர்களில் சேமிக்காதவர் என்று ஓர் இனம் உண்டு. பணத்தைச் சொல்லவில்லை; அது அவரவர் பாடு. நான் சொல்வது கைப்பேசியில் யாருடைய எண்ணையும் பெயர் போட்டுச் சேமித்து வைக்காதவர்களை. இவர்கள் கையில் இருப்பது நல்ல விலையுயர்ந்த போனாகத்தான் இருக்கும். அதில் நிலாவைப் படம் எடுக்கலாம், நடந்த தூரத்தை அளக்கலாம், மதுரையில் மழை பெய்கிறதா என்று தென்காசியில் இருந்துகொண்டே பார்க்கலாம். ஆனால் உள்ளே பெயர்கள் என்று தேடினால் நாலைந்துதான் அகப்படும். அவையும் சிம் கார்டு வாங்கிய அன்று கம்பெனிக்காரர்களே போட்டுக் கொடுத்தவை: ஆம்புலன்ஸ், தீயணைப்பு, ஜோசியம். மற்றபடி பெற்ற மகள் முதல் தண்ணீர் லாரிக்காரர் வரை அத்தனை பேரும் பெயரில்லாமல், வெறும் பத்து இலக்கங்களாக, அழைப்புப் பட்டியலில் ஒருவர் தலைமேல் ஒருவர் ஏறி நின்றுகொண்டிருப்பார்கள்.

ஏன் சேமிக்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். "அதான் லிஸ்ட்ல கெடக்கே, பொறவென்ன?" என்பார்கள்.

பட்டியலில் கிடக்கிறது. கிணற்றில் போட்ட சாவியும் கிணற்றில்தான் கிடக்கிறது.

தென்காசிப் பக்கம் மேலகரத்தில் குடியிருக்கும் வல்லிநாயகம் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி. ஆலங்குளத்துக்காரர், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், நெஞ்சு நிமிர்ந்த நடை, முறுக்கிய மீசை. அவர் ஒருவரைப் போனில் கூப்பிடுவதைப் பார்க்க நீங்கள் புண்ணியம் செய்திருக்க வேண்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். போனைக் கை நீட்டும் தூரத்துக்குக் கொண்டுபோவார். பிறகு கட்டைவிரலால் பட்டியலைத் தள்ளு தள்ளு என்று தள்ளிக்கொண்டே, "நாப்பத்தேழுன்னு முடிஞ்சா மச்சினன். தொண்ணூத்திரெண்டு கேஸ்காரன். தொண்ணூத்திரெண்டுக்குக் கீழ தள்ளி நிக்குல்லா, அது வாழக்காய் ஏவாரி. அவன்ட்ட நேத்துப் பேசுனேன், இன்னிக்கு எறங்கிட்டான்" என்று வாய்விட்டு ஆராய்ச்சி செய்வார். இந்த முறையில் ஒருதரம் மச்சினனைக் கூப்பிட்டு சிலிண்டர் கொண்டுவரச் சொல்லிவிட்டு, கேஸ்காரரைப் பேத்தியின் காதுகுத்துக்கு வருந்தி வருந்தி அழைத்தார். கேஸ்காரர் குடும்பத்தோடு வந்தார், இருந்து சாப்பிட்டார். மச்சினன்தான் ரொம்ப நாள் பேசாமல் இருந்தார்.

இந்த இனத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. போன் எதைக் கேட்டாலும் 'ஓகே' கொடுத்துவிடுவார்கள். உங்கள் இருப்பிடத்தைத் தெரிந்துகொள்ளலாமா? ஓகே. உங்கள் படங்களைப் பார்க்கலாமா? ஓகே. இத்தனை பணிவாக ஒரு கருவி கேட்கும்போது மறுப்பது மரியாதையா?

வல்லிநாயகத்தின் மனைவி இசக்கிச்செல்வி நேர் எதிர். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போனில் 'கேஸ் பழையவர்', 'கேஸ் புதியவர்', 'கேஸ் போன் எடுக்காதவர்' என்று மூன்று பேர் தனித்தனியாக இருக்கிறார்கள். முப்பத்தைந்து வருட இல்லறத்தில் கணவருக்கு இந்த விஷயத்தில் மட்டும் புத்தி சொல்லி ஓய்ந்துபோய்விட்டார்.

இப்படி இருக்கையில்தான் போன ஆடியில், சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலையில், வல்லிநாயகத்தின் போன் அடித்தது. எண்ணைப் பார்க்காமலே எடுத்தார்.

"யாரு?"

அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். மழையா, லாரியா, ஊர்ச் சண்டையா என்று தெரியாத இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னாடா நாயகம், காலு நல்லாக்கீதா?"

வல்லிநாயகம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். அந்தக் கேள்வியை அப்படிக் கேட்க உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. ஆம்பூர் துல்கர்னைன். பட்டாளத்தில் ஒரே கம்பெனி, ஒரே கூடாரம். காஷ்மீரில் ஒரு பனிக்காலத்தில் வல்லிநாயகம் சரிவில் விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டபோது, அவரை முதுகில் தூக்கிக்கொண்டு மலையிறங்கி மருத்துவ முகாம்வரை கொண்டுவந்து சேர்த்தவர். வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தார்: "இன்னா துன்றடா நீ? உங்க ஊர் நெல்லு மொத்தமும் உன் வயித்துலதான் கீதா?" பிறகு ஆளுக்கொரு திசையாக மாற்றலாகி, ஓய்வு பெற்று, வீடு மாறி, விலாசம் மாறி, முப்பது வருடம் ஓடிவிட்டது. அந்தக் குரல் இப்போது காதுக்குள் இருக்கிறது.

"ஏலே துல்கர்னைன்! எங்கனலே இருக்க?"

"குத்தாலம்டா... வேன்ல... பேரப்பசங்களோட... அஞ்சு..." இரைச்சல். "...அஞ்சு... சாயங்காலம் கெளம்பிருவோம்... நீ கூப்புடு..." மறுபடி இரைச்சல். லைன் அறுந்தது.

வல்லிநாயகம் அடுக்களைக்கு ஓடினார். "ஏட்டி செல்வி! துல்கர்னைன் கூப்பிட்டான்! குத்தாலத்துல நிக்கானாம்! அஞ்சு மணிக்குக் கெளம்புதானாம்!"

இசக்கிச்செல்வி அந்தப் பெயரைக் கல்யாணமான நாள் முதல் கேட்டுக்கொண்டிருப்பவர். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நெசமாவா? நம்பரக் காட்டுங்க, மொதல்ல சேவ் பண்ணுவோம்."

"இந்தா, இதுதான்" என்று வல்லிநாயகம் பட்டியலைத் திறந்தார். மகிழ்ச்சியில் விரல் அவசரப்பட்டது. அவசரப்பட்ட விரல் அழுந்தக் கூடாத இடத்தில் அழுந்தியது. போன் பணிவாக ஏதோ ஆங்கிலத்தில் கேட்டது.

அவர் ஓகே கொடுத்தார்.

பட்டியல் வெள்ளையாகிவிட்டது. மச்சினன் இல்லை, கேஸ்காரர் இல்லை, வாழைக்காய் வியாபாரி இல்லை, துல்கர்னைன் இல்லை. நடுவில் ஒரு சின்ன போன் படமும், அழைப்புகள் எதுவும் இல்லை என்ற தகவலும் மட்டும் இருந்தன.

"என்ன செஞ்சிய?" என்றார் இசக்கிச்செல்வி.

"நான் ஒண்ணும் செய்யல. அது கேட்டுது. நான் சரின்னேன்."

இந்த இடத்தில் இசக்கிச்செல்வி ஒரு பாட்டம் திட்டியிருக்கலாம். நியாயமும் அவர் பக்கம்தான் இருந்தது. ஆனால் மீசை முறுக்கிய அந்த மனிதர் உட்கார்ந்து, தன்னை அறியாமல் குனிந்து கணுக்காலைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அவருக்கு வாய் வரவில்லை. "எந்திரிங்க. தென்காசிக்குப் போவோம். மாரி கடையில எடுத்துக் குடுப்பான்" என்றார்.

மாரி, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். வயது முப்பத்தைந்து இருக்கும். இவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம், ஏனென்றால் இவர் இன்னோர் இனம்: முடியாது என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளாதவர்கள். தண்ணீரில் விழுந்த போனா? எடுத்துரலாம். பஸ் ஏறிய போனா? எடுத்துரலாம். தொலைந்துபோன போனையே எடுத்துவிடலாம் என்பார், விட்டால்.

"கால் ஹிஸ்டரிதான அண்ணாச்சி? அழிஞ்சதுன்னு சொல்லுததே தப்பு. உள்ளதான் கெடக்கும். எடுத்துரலாம்."

வல்லிநாயகத்தின் முகத்தில் ரத்தம் ஓடியது. "கேட்டியாட்டி? உள்ளதான் கெடக்காம்."

மாரி போனை வாங்கினார். முதல் காரியமாக ஒரு பொத்தானைத் தட்டி ஓரமாக வைத்துக்கொண்டார். பிறகு தன் கணினியோடு இணைத்து, அழிந்ததையெல்லாம் மீட்டுத் தரும் என்று சத்தியம் செய்யும் ஒரு செயலியை ஏற்றினார். அது நெடுநேரம் சுற்றியது. இடையில் முடி உதிராமலிருக்க எண்ணெய், மூட்டு வலிக்குக் களிம்பு என்று விளம்பரங்களைக் காட்டியது. கடைசியில் மணியடித்து, மீட்டுவிட்டேன் என்றது.

மூவரும் குனிந்து பார்த்தார்கள். வல்லிநாயகம் இந்தப் போன் வாங்கிய நாளிலிருந்து அழித்த அத்தனை காலை வணக்கப் படங்களும் உயிரோடு திரும்பி வந்திருந்தன. ரோஜாப்பூ, தாமரைப்பூ, காபிக் கோப்பை, சூரிய உதயம், மறுபடியும் ரோஜாப்பூ. நடுநடுவே அவர் கட்டைவிரலின் படங்கள்.

"போட்டோ நல்லா வருது அண்ணாச்சி" என்றார் மாரி, மனம் தளராமல்.

"எனக்கு ரோசாப்பூ எதுக்குவே? அவன் நம்பர எடும்."

"எடுத்துரலாம். சிம் கம்பெனியில கணக்குக் கேப்போம். யார் யாருகிட்ட பேசுனீங்கன்னு மொத்தமும் அனுப்பிருவாவ."

மாரியின் கணினிக்குக் கணக்கு வந்தது. அதில் வல்லிநாயகம் கூப்பிட்ட எண்கள் வரிசையாக இருந்தன. அவரைக் கூப்பிட்டவர்களின் எண்கள் இல்லை. வெளியே போனதற்குத்தான் கணக்காம். உள்ளே வந்ததற்கு இல்லையாம். துல்கர்னைனை அவர் கூப்பிடவில்லையே, துல்கர்னைன்தானே கூப்பிட்டார்? மாரி கொஞ்சமும் அசரவில்லை.

"அப்ப பேக்கப். போனு தானா ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கும். பாஸ்வேர்டு சொல்லுங்க அண்ணாச்சி."

"அப்படின்னா?"

"போன் வாங்கும்போது போட்டிருப்பீங்கள்லா?"

"அது கேட்டுது. நான் ஓகே குடுத்தேன்."

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. கடைக்கு வெளியே குற்றாலம் போகிற வேன்களும் கார்களும் வந்துகொண்டே இருந்தன. உள்ளே ஈரத் துண்டும் தலைநிறைய எண்ணெயுமாக ஆட்கள். ஒவ்வொரு வேன் கடக்கும்போதும் வல்லிநாயகம் எட்டிப் பார்த்தார். இவர்களில் யார் வருகிறவர்கள், யார் திரும்புகிறவர்கள் என்று யாருக்குத் தெரியும்?

"அவன் மறுபடியும் கூப்பிடுவான்லா?" என்றார் மெதுவாக. "நான் கூப்பிடலைன்னா அவனாவது கூப்பிடணும்லா? இவ்வளவு நேரமாச்சு, ஒரு போனும் வரலையே. கோச்சுக்கிட்டானோ?"

அப்போதுதான் இசக்கிச்செல்வி மேசையில் கிடந்த போனை உற்றுப் பார்த்தார்.

"ஏய்யா மாரி, மேல மூலையில என்னமோ ஏரோப்பிளேன் படம் தெரியுதே, அது எதுக்கு?"

"ஃபிளைட் மோடு ஆச்சி" என்றார் மாரி பெருமையோடு. "வந்ததும் போட்டுட்டேன். போன் வந்தா பழசு மேல புதுசு எழுதிரும். அப்புறம் எடுக்கவே முடியாது. அதான் ஒரு போனும் உள்ள வராம..."

மாரி பாதியில் நிறுத்தினார். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

இசக்கிச்செல்வி போனைப் பிடுங்கி அந்த விமானத்தைத் தரையிறக்கினார். பிறகு கணவரைப் பார்த்தார். "அவரு என்ன சொன்னாரு? சொன்னத அப்படியே சொல்லுங்க. நீங்க வெளங்கிக்கிட்டதைச் சொல்ல வேண்டாம்."

"குத்தாலம்னான். வேன்லன்னான். அஞ்சுன்னான். சாயங்காலம் கெளம்புதோம்னான்."

"அஞ்சு மணிக்குன்னா சொன்னாரு?"

வல்லிநாயகம் யோசித்தார். "மணின்னு சொல்லல. வெறும் அஞ்சு. ஒரே தண்ணிச் சத்தம்."

"தண்ணிச் சத்தத்துக்குள்ள நின்னுக்கிட்டு அஞ்சுன்னா, அது மணியா, ஐந்தருவியா?"

ஆட்டோவில் போகும் வழியில் போன் 'டிங் டிங்' என்று இரண்டு முறை ஒலித்தது. "மெசேஜு" என்று வல்லிநாயகம் சட்டைப்பைக்குள் தள்ளினார். இந்த இனத்தார் மெசேஜைத் திறப்பதில்லை. அது வங்கியும் விளம்பரக்காரர்களும் தங்களுக்குள் பேசிக்கொள்கிற இடம் என்பது அவர்கள் எண்ணம்.

ஐந்தருவியில் அன்று கூட்டத்துக்குக் கேட்பானேன்? மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கிற பழக்கடைகளைத் தாண்டி, எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களைத் தாண்டி, இருவரும் ஆண்கள் குளிக்கிற பக்கம் வந்தார்கள். அங்கே வந்த பிறகுதான் வல்லிநாயகத்துக்கு ஒரு சிக்கல் புரிந்தது. அவர் தேடுவது ஒல்லியாக, கறுப்பு மீசையோடு, சீருடையில் இருந்த ஓர் இளைஞனை. அருவிக்கடியில் நிற்பவர்களோ எல்லோரும் எண்ணெய் வழியும் வழுக்கையும் தொந்தியும் இடுப்புத் துண்டுமாக, ஒரே அச்சில் வார்த்தவர்கள் போல இருந்தார்கள். சீருடையில்கூட மனிதர்கள் இவ்வளவு ஒரே மாதிரி இருப்பதில்லை.

ஒருவர் தோளைத் தட்டினார். "துல்கர்னைனா?"

"இல்லீங்க, சிவகாசி."

இன்னொருவரைத் தட்டினார். அவர் அடுத்து எண்ணெய் தேய்க்க வந்தவர் என்று நினைத்து முதுகைக் காட்டினார்.

வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த போலீஸ்காரர் விசில் ஊதினார். "அண்ணாச்சி, குளிச்சா குளிங்க, இல்லைன்னா தள்ளுங்க. எதுக்கு ஆளாளா மூஞ்சியப் பாத்துட்டு அலையுதீங்க?"

"சேக்காளியத் தேடுதேன் தம்பி."

"போன் அடிச்சுப் பாருங்க."

வல்லிநாயகம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அருவியைப் பார்த்தார். மேற்கே மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வந்துவிட்டது. பிறகு அவர் என்ன நினைத்தாரோ, குதிகால்களைச் சேர்த்து நின்றார். நெஞ்சை நிமிர்த்தினார். மூச்சை இழுத்து, அணிவகுப்பில் ஆள் கூப்பிடுகிற குரலில், ஒரு நீண்ட எண்ணை ஒவ்வோர் இலக்கமாக இந்தியில் முழங்கி, முடிவில் "சிப்பாய் துல்கர்னைன்!" என்றார்.

அது துல்கர்னைனின் பட்டாளத்து எண். மகளின் போன் நம்பரை ஒருநாளும் முழுதாகச் சொல்லத் தெரியாதவர், கூடாரத் தோழனின் எண்ணை முப்பது வருடம் கழித்து ஓர் இலக்கம் பிசகாமல் சொன்னார். இசக்கிச்செல்வி வாயைப் பிளந்துவிட்டார். விசில் நின்றது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

கடைசி அருவிக்குள்ளிருந்து ஒரு கனத்த உருவம் தண்ணீரைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. வழுக்கை, வெள்ளைத் தாடி, மற்ற எல்லோரையும் விடப் பெரிய தொந்தி. இடது கையால் இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்து, "ஹாஜிர் ஹை சாப்!" என்று ஆஜர் கொடுத்தது.

இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வல்லிநாயகத்தின் வெள்ளைச் சட்டை முழுக்க எண்ணெய். ஒருவர் முகத்தில் வழிந்தது அருவித் தண்ணீர் என்று சொல்லலாம். இன்னொருவர் குளிக்கவே இல்லையே? போலீஸ்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு யாரையோ பார்த்து விசில் ஊதினார்.

"இன்னாடா நீ, மிலிட்டரி கேன்டீன்ல கெஞ்சி உன் நம்பர வாங்கித் திரும்பத் திரும்ப அடிச்சேன், ஸ்விட்ச் ஆஃப்புனு வந்துச்சு" என்றார் துல்கர்னைன். "மறந்துட்டான் போல, பாக்க இஷ்டமில்ல போலன்னு நெனைச்சேன். வேனை ஊருக்குத் திருப்பச் சொல்ட்டேன். பேரப்பசங்கதான் இன்னொரு தபா குளிக்கணும்னு ஒரே கத்து."

"ஒன்ன மறப்பேனாலே?" என்றார் வல்லிநாயகம். பிறகு, காலையில் கேட்டதற்குப் பதிலாக அந்தக் கணுக்காலைத் தூக்கித் தரையில் ஓங்கி மிதித்துக் காட்டினார்.

ஈரம் துவட்டி, குடும்பத்தாரை அறிமுகம் செய்து, எல்லோரும் பஜ்ஜிக் கடையில் உட்கார்ந்ததும் இசக்கிச்செல்வி முதல் வேலையாக, "அண்ணே, உங்க நம்பரச் சொல்லுங்க" என்றார்.

"என் நம்பரு எனக்கு எப்டிம்மா தெரியும்?" என்றார் துல்கர்னைன். "நானே எனக்குப் போன் பண்ணிக்கிறதில்லையே."

"சரி, இவுக நம்பர என்ன பேர்ல போட்டிருக்கீங்க?"

"பேரா? எதுக்கு? லிஸ்ட்லதான் கீதே! பாரு, இப்ப அடிக்கிறேன், உங்களுக்கு வந்துரும்." பிளாஸ்டிக் உறையிலிருந்து போனை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கை நீட்டும் தூரத்தில் பிடித்து, தள்ளித் தள்ளி ஓர் எண்ணைத் தட்டினார். மணி அடித்தது. வாகனங்கள் நிறுத்துமிடத்திலிருந்து வேன் டிரைவர் எடுத்து, "பாய், கெளம்பலாமா?" என்றார்.

இசக்கிச்செல்வி இரண்டு கிழவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவர் போனையும் மற்றவர் போனையும் வாங்கிக்கொண்டார். வல்லிநாயகத்தின் போனில் திறக்காத மெசேஜுகளைத் திறந்தார். 'இந்த எண்ணிலிருந்து உங்களுக்கு அழைப்புகள் வந்தன' என்று துல்கர்னைனின் எண்ணை சிம் கம்பெனி ஆட்டோவில் வரும்போதே அனுப்பியிருந்தது. திட்ட வேண்டிய இடம்தான். ஆனால் எதிரே இரண்டு பேரும் ஒரே பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டு, கூடாரத்துப் பால் பவுடரைத் திருடித் தின்றது யார் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் சிரித்துவிட்டார். இரண்டு போனிலும் பெயர்களை அடித்து, சேமித்து, அவை கேட்ட கேள்விக்குத் தானே ஓகே கொடுத்தார்.

துல்கர்னைன் குடும்பம் அன்று கிளம்பவில்லை. மேலகரத்தில் தங்கி, மறுநாள் மதியம் ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டுத்தான் வேன் ஏறியது. ஆம்பூர் போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது. திரையில் 'துல்கர்னைன் ஆம்பூர்' என்று கொட்டை எழுத்தில் தெரிந்தது. வல்லிநாயகம் எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுங்களேன்" என்றார் இசக்கிச்செல்வி.

"யாருன்னு தெரியலையேட்டி. இந்தப் பேரு குறுக்க வந்து நம்பர மறைக்குது."

இதுதான் அந்த இனம். இவர்களைத் திருத்த முடியாது; பஜ்ஜி வாங்கிக் கொடுத்துக் கூட வைத்துக்கொள்ளத்தான் முடியும். நீங்கள் இந்நேரம் நன்றாகச் சிரித்திருப்பீர்கள். உங்கள் மாமாவோ, பக்கத்து வீட்டுக்காரரோ, மேலதிகாரியோ நினைவுக்கு வந்திருப்பார். நல்லது. ஒரே ஒரு சின்ன விஷயம். போன மாதம் உங்கள் வீட்டுக் குழாயைச் சரி செய்ய ஒருவர் வந்தாரே, நன்றாக வேலை செய்தாரே, இவரை விடக் கூடாது என்று வீட்டில்கூடச் சொன்னார்களே, அவருக்கு ஒரு போன் போடுங்கள் பார்ப்போம். அவசரமில்லை, நான் காத்திருக்கிறேன்.

என்ன, பெயரைத் தேடாமல் பட்டியலைத் திறந்துவிட்டீர்கள்? சரி, தள்ளுங்கள். இன்னும் கொஞ்சம் கீழே. இல்லை, அது கூரியர்காரர். இன்னும் கீழே.